கறண்ட் வைத்து வலிப்பு வரவைத்தால் மூளைக் கலங்களுக்கு என்ன ஆகிறது?

கேள்வி இது: மின்சாரத்தால் வலிப்பு வரவைத்த விலங்குகளில் மூளைக் கலங்கள் தமக்குள் செய்தி பரிமாறும் விதம் எப்படி மாறுகிறது? மனிதருக்கும் அதேதானா?

எனக்கு இது வெறும் பாடக் கேள்வி இல்லை. எங்கள் சின்னம்மா கடும் மனச்சோர்வில் சாப்பாடு, தண்ணீர் எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தபடி படுத்துவிட்டார். தலையில் கறண்ட் வைத்து வலிப்பு வரவைக்கும் மின்வலிப்புச் சிகிச்சை செய்யலாம் என்றார் டொக்டர். "கறண்ட் வச்சால் மூளை கருகிப்போகும், பிள்ளை" என்று பக்கத்து வளவு ஆச்சி என் அம்மாவின் கையைப் பிடித்து அழுதார். நான் யாழ்ப்பாணத்தில் உயர்தர மாணவருக்கு உயிரியல் படிப்பிக்கிறவன். அப்படியிருந்தும் அன்று ஆச்சிக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை. அப்புறம்தான் தேடித் தேடி வாசித்தேன்.

மூளை கருகுவதில்லை. ஆய்வுகூடத்தில் எலிக்கு வழமையாகக் கொடுப்பது 150 மில்லி அம்பியர், அதுவும் 0.2 செக்கன் நேரம்தான். மின்சாரம் நின்ற பிறகும் வலிப்பு தொடர்கிறது. அதாவது வெளி மின்சாரம் தொடக்கி மட்டும் வைக்கிறது, மிச்சத்தை மூளை தன் சொந்த மின்சாரத்திலேயே நடத்துகிறது.

நல்லூர்த் தேரன்று ஒருவர் "அரோகரா" என்றதும் வீதி முழுக்க அதை எடுத்துக்கொள்ளுமே, வலிப்பும் கிட்டத்தட்ட அப்படித்தான் பரவுகிறது. பெருந்தொகையான நரம்புக்கலங்கள் ஒரே நேரத்தில் சுடும்போது, அதாவது மின்துடிப்பை அனுப்பும்போது, உள்ளே இருந்த பொட்டாசியம் வெளியே வந்து சேர்கிறது. வழமையாக லீற்றருக்கு 3 மில்லிமோல் அளவில் இருப்பது 10, 12 வரை ஏறிவிடும். அந்த நிலையில் பக்கத்துக் கலங்களும் சின்னத் தூண்டலுக்கே சுடத் தொடங்குகின்றன. கலங்களைத் தூண்டும் செய்திப் பொருளான குளுட்டமேற் பெருகுகிறது. ஒருவகைக் குளுட்டமேற் வாயில்களை அடைத்திருக்கும் மக்னீசியம் விலக, கல்சியம் கலத்துக்குள் பாய்கிறது. கொஞ்ச நேரத்தில் கலங்களை அடக்கும் வேலையைச் செய்யும் காபா என்ற செய்திப் பொருளும், களைத்த மூளையில் சேரும் அடினோசினும் எல்லாவற்றையும் அமர்த்துகின்றன.

என்னை மிகவும் பிடித்து வைத்தது அதற்குப் பிறகு நடப்பதுதான். உள்ளே போன கல்சியம் கலத்தின் கரு வரைக்கும் செய்தி கொண்டுபோகிறது. ஒரு மணித்தியாலத்துக்குள் சில மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. நரம்புக்கலங்களை வளர்த்துப் பேணும் பி.டி.என்.எஃப் என்ற புரதத்துக்கான மரபணு, தொடர்ந்து பல நாட்கள் வலிப்பு வரவைத்த எலிகளில் கூடுதலாக வேலை செய்வதை 1995இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். மனச்சோர்வு மாத்திரைகளிலும் அதே போக்கை அவர்கள் கண்டார்கள். 2000ஆம் ஆண்டளவில் இன்னொன்றும் வெளிவந்தது: இப்படி வலிப்பு வந்த எலிகளின் ஹிப்போகாம்பசில், அதாவது நினைவைப் பதியும் மூளைப் பகுதியில், புதிய நரம்புக்கலங்கள் கூடுதலாகப் பிறக்கின்றன. ஆச்சி பயந்ததற்கு நேரெதிர்.

ஆனால் எல்லா மின்தூண்டலும் ஒன்றில்லை. 1960களில் கிரஹாம் கொடார்ட் என்ற ஆய்வாளர் எலிகளின் அமிக்டலா என்ற மூளைப் பகுதியில் மிக மெல்லிய மின்சாரத்தைத் தினமும் கொடுத்துவந்தார். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. நாட்கள் போகப் போக அதே சின்ன மின்சாரமே முழு வலிப்பைக் கொண்டுவந்தது. மூளை வலிப்புக்குப் பழகிவிட்டது. சிகிச்சை போன்ற முறையில் முழு வலிப்புகளைத் திரும்பத் திரும்ப வரவைத்தாலோ வலிப்பு வருவது வரவரக் கடினமாகிறது.

நினைவு விஷயத்தில் ஆச்சியின் பயம் முழுக்கப் பிழையும் இல்லை. 1949இல் கார்ல் டங்கன் என்ற ஆய்வாளர் எலிகளுக்கு ஒன்றைப் பழக்கி, ஒவ்வொரு முயற்சிக்கும் பிறகு வலிப்பு வரவைத்தார். பழகிய சில செக்கன்களில் வலிப்பு வந்த எலிகள் கற்கவே திணறின. ஒரு மணித்தியாலம் கழித்து வந்தவைக்குப் பெரிய பாதிப்பில்லை. புதிய நினைவு உறைய நேரம் வேண்டும், வலிப்பு அதைக் குழப்பிவிடுகிறது. அதோடு, வலிப்பு ஹிப்போகாம்பசின் நரம்பிணைப்புகளைக் கண்டபடி பலப்படுத்திவிடுவதால் புதிதாக ஒன்றைப் பதிய அங்கே இடம் குறைந்துபோகிறது என்றும் ஒரு விளக்கம் உண்டு.

சின்னம்மா ஆறாவது தடவைக்குப் பிறகு தானே எழும்பிக் கிணற்றடிக்குப் போனார். அன்று வீட்டில் எல்லோரும் அழுதோம். ஆனால் நோய் முற்றுவதற்கு முந்தின கிழமை அவரே கையால் பனங்காய்ப் பணியாரம் சுட்டுத் தந்தது அவருக்கு நினைவில்லை. அப்படி நடக்கலாம் என்று யாரும் முன்கூட்டி எங்களுக்குச் சொல்லவில்லை. அது இன்னும் எனக்கு ஆறவில்லை.

சரி, மனிதருக்கும் அதேதானா? முழுக்க இல்லை. எலிகளில் இந்த வலிப்புகளுக்குப் பிறகு பெருமூளை மேற்பட்டையில் செரோட்டோனின் என்ற செய்திப் பொருளைப் பிடிக்கும் ஒருவகை ஏற்பிகள் கூடுகின்றன. சிகிச்சை பெற்ற மனிதரை ஸ்கான் செய்து பார்த்தபோது அவை குறைந்திருந்தன. குரங்குகளிலும் குறைவுதான். மனிதருக்கு மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுத்துத்தான் செய்கிறார்கள், அதுவும் பெரிய வித்தியாசம்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இது தேவைப்பட்டு இதைக் கேட்கிறீர்கள் என்றால், நாங்கள் கேட்காமல் விட்டதை டொக்டரிடம் கேளுங்கள்: மின்முனைகளை இரண்டு பக்கமும் வைக்கப் போகிறீர்களா, வலப்பக்கம் மட்டுமா? வலப்பக்கம் மட்டும் வைத்தால் நினைவு பாதிக்கப்படுவது குறைவு.