ஓகே அழுத்துவதற்கு முன் அந்த எண்ணைப் படியுங்கள்

கேள்வி: சார், என் பையனிடம் இருப்பது பழைய பிளேஸ்டேஷன் 4. ஒரு வாரமாக ஒரு கேம் மட்டும் கால் மணி நேரம் ஓடி, சி.இ-34878-0 என்று காட்டிவிட்டு வெளியே வந்துவிடுகிறது. மற்றவை நன்றாக ஓடுகின்றன. ரிப்பேர் செய்பவர் "போர்டு போச்சு" என்கிறார். பையனின் நண்பன் "இனிஷியலைஸ் கொடு" என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். இனிஷியலைஸ் என்றால் மெஷினில் உள்ள எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்குவது. எண்ணைச் சரியாகக் குறித்து அனுப்பினீர்கள், பாதி வேலை அதிலேயே முடிந்தது. பலர் பதற்றத்தில் ஓகே அழுத்திவிட்டு "ஏதோ எரர்" என்றுதான் எழுதுகிறார்கள். போனில் ஒரு படம் எடுத்து வைத்தாலே போதும்.

சி.இ-34878-0 என்றால், ஓடிக்கொண்டிருந்த கேம் நடுவில் விழுந்துவிட்டது என்று பொருள். ஏன் விழுந்தது என்று அந்த எண் சொல்லாது. ஆனால் மற்ற கேம்கள் ஓடுகின்றன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதனால் போர்டைச் சந்தேகிப்பதற்கு முன் அந்தக் கேமின் கோப்புகளைச் சந்தேகிப்பேன்.

முதலில் பையனின் சேவ், அதாவது அவன் இதுவரை ஆடிச் சேர்த்ததன் பதிவு, பத்திரமாக இருக்க வேண்டும். செட்டிங்ஸில் 'அப்ளிகேஷன் சேவ்டு டேட்டா மேனேஜ்மென்ட்' போய், பென் டிரைவில் காப்பி எடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்த வேலைக்கு வந்த புதிதில், அவசரத்தில் ஒரு சிறுவனின் கன்சோலை இனிஷியலைஸ் செய்துவிட்டேன். மெஷின் நன்றாக ஓடியது. அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மாமா, என் டீம் எங்க?" என்று கேட்டான். மூன்று வருடம் சேர்த்த டீம். அன்றிலிருந்து காப்பி எடுக்காமல் எந்த மெஷினிலும் கை வைப்பதில்லை.

அப்புறம் சிஸ்டம் அப்டேட், கேம் அப்டேட் இரண்டையும் போட்டு ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் கேமை டிலீட் செய்து மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள். கேமை நீக்கினால் சேவ் போகாது, பையனிடம் சொல்லிவிடுங்கள். இடையில் யாராவது ஹார்ட் டிஸ்க் மாற்றியிருந்தால், பழையதைப் போட்டும் பார்க்க வேண்டும்.

இன்னும் வருகிறதா? சேஃப் மோடுக்குப் போகலாம், அதாவது கோளாறைச் சரிசெய்வதற்கென்றே மெஷினில் உள்ள தனிப் பட்டியலுக்கு. மெஷினை முழுக்க அணையுங்கள், ரெஸ்ட் மோடு போதாது. பவர் பட்டனை அழுத்தியபடியே இருங்கள். உடனே ஒரு பீப் வரும், சுமார் 7 விநாடி கழித்து இரண்டாவது பீப். அதைக் கேட்டதும் விரலை எடுங்கள். இப்போது கன்ட்ரோலரை யு.எஸ்.பி. கேபிளில் இணைத்து, நடுவில் உள்ள பி.எஸ். பட்டனை அழுத்த வேண்டும். நிறைய பேர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். சில கேபிள்களில் சார்ஜ் மட்டும்தான் ஏறும், டேட்டா போகாது. கன்ட்ரோலரில் விளக்கு எரியும், ஆனால் திரையில் எதுவும் நகராது. கேபிளை மாற்றுங்கள், நகரும்.

வரும் பட்டியலில் 5-வது, 'ரீபில்ட் டேட்டாபேஸ்'. டிஸ்க்கில் இருப்பவற்றுக்குப் புதிதாக அட்டவணை போடும், சேவைத் தொடாது. சில நிமிடத்திலும் முடியலாம், சில மணி நேரமும் ஆகலாம். நடுவில் பிளக்கைப் பிடுங்கிவிடாதீர்கள். 6, 7 இரண்டும் எல்லாவற்றையும் அழிப்பவை. அவற்றைக் கடைசிக்கு வையுங்கள்.

இத்தனையும் செய்தபின் எல்லா கேமிலும் இதே எண் வந்தால், அப்போது போர்டைப் பற்றிப் பேசலாம். பார்ட் கோளாறு நிஜமாகவே வரும். எக்ஸ்பாக்ஸ் 360-இல் மூன்று சிவப்பு விளக்கு எரிந்த பிரச்சினைக்காக மைக்ரோசாஃப்ட் 2007-இல் வாரண்டியை 3 ஆண்டாக நீட்டி, 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. ஆனால் ஒரே ஒரு கேம் நின்றதை வைத்து அந்த முடிவுக்கு வருவது நியாயமில்லை.

கேள்வி: புது ரூட்டர் போட்டதிலிருந்து பி.எஸ். 4-இல் என்.டபிள்யூ-31297-2 வருகிறது. ரூட்டர் கெட்டதா?

பதில்: இல்லை. வைஃபை பாஸ்வேர்டு தவறு என்பதுதான் அது. மெஷின் பழைய பாஸ்வேர்டையே நினைவில் வைத்திருக்கும். இன்டர்நெட் கனெக்‌ஷனைப் புதிதாக அமைத்து, பெரிய எழுத்து சின்ன எழுத்து பார்த்துப் போடுங்கள். ஸ்லிம், புரோ வருவதற்கு முந்தைய முதல் மாடல் என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் அதற்குத் தெரியும். ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் வைத்திருந்தால், அந்தப் பெயர் பட்டியலிலேயே வராது.