அமெரிக்கப் பள்ளிகளுக்கு ஈ.ஐ.ஆர். மானியம்: வாசகர் கேள்விகள்

பள்ளிக் கல்வியில் புதிய முயற்சிகளைச் செய்து பார்த்து, பலன் உண்டா என்று ஆராய அமெரிக்கக் கூட்டாட்சி அரசு தரும் மானியம் இது. 2009-ல் ஒபாமா ஆட்சியில் ஐ3 (Investing in Innovation) என்ற பெயரில் தொடங்கி, 2015 கல்விச் சட்டத்துக்குப் பின் ஈ.ஐ.ஆர். (Education Innovation and Research) ஆனது. அது பற்றி வந்த கேள்விகள்.

எங்கள் சிறு நிறுவனம் ஒரு கணிதச் செயலி செய்திருக்கிறது. விண்ணப்பிக்கலாமா?

தனியாக முடியாது. பள்ளி மாவட்டமோ, மாநிலக் கல்வித் துறையோ, லாப நோக்கற்ற அமைப்போ முன்னால் நிற்க வேண்டும். நீங்கள் கூட்டாளியாகச் சேரலாம்.

ஆதாரம் எவ்வளவு கேட்பார்கள்?

மூன்று படிகள் உண்டு. ஆரம்பக் கட்டத்துக்கு, இது ஏன் பலன் தரும் என்பதை ஏற்கெனவே உள்ள ஆய்வைக் காட்டி விளக்கினால் போதும். நடுக் கட்டத்துக்கு மிதமான ஆதாரம். விரிவாக்கத்துக்கு வலுவான ஆதாரம் வேண்டும்: பெரும்பாலும் குலுக்கல் முறை ஆய்வு (திட்டம் யாருக்கு என்பதைக் குலுக்கிப் போட்டு, பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிடுவது), குறைந்தது 350 மாணவர்கள், ஒன்றுக்கு மேற்பட்ட இடங்கள். பெற்றோரின் பாராட்டுக் கடிதங்களைக் கட்டுக்கட்டாக இணைப்பவர்கள் இருக்கிறார்கள். அவை கணக்கில் வராது.

குலுக்கல் போட்டுப் பாதிப் பள்ளிகளை ஒதுக்குவது ஏழைக் குழந்தைகளுக்கு அநியாயம் இல்லையா?

அதிகம் வரும் கேள்வி இதுதான். முதல் ஆண்டிலேயே புதிய திட்டத்தை எல்லோருக்கும் கொடுக்க ஆளும் இருக்காது, பணமும் இருக்காது. யாருக்கு முதலில் என்பதைத்தான் குலுக்கல் முடிவு செய்கிறது. 20 பள்ளிகள் என்றால் 10-க்கு இப்போது, மற்ற 10-க்கு ஆய்வு முடிந்ததும். அதுவரை அங்கே வழக்கமான பாடம் நடக்கும். மாணவர்கள் எழுதும் தேர்வு மட்டும் இரு பக்கமும் ஒன்றே. காத்திருக்கும் பள்ளியின் தலைமையாசிரியர் பொறுமையிழந்து இடையில் வேறொரு திட்டத்தை வாங்கிவிட்டால் ஒப்பீடு கெட்டுப்போகும். அதனால் எப்போது கிடைக்கும் என்பதை முதலிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம், பலன் உண்டா என்றே தெரியாத ஒன்று தாமதமாவதை இழப்பு என்று சொல்ல முடியுமா? ஐ3-யின் 67 மதிப்பீடுகளை 2018 அறிக்கை ஒன்று தொகுத்தது. ஒழுங்காக நடைமுறைப்படுத்தப்பட்டு, மாணவர் படிப்பிலும் நல்ல பலன் காட்டியவை 12 மட்டுமே. இதைப் பணம் வீண் என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மற்றவற்றை நாடு முழுக்கப் பரப்பியிருந்தால்தான் வீண்.

மதிப்பீட்டை நாங்களே செய்யலாமா?

கூடாது, சுயேச்சையான மதிப்பீட்டாளர் கட்டாயம். பணம் வந்த பிறகு தேடாதீர்கள். விண்ணப்பம் எழுதும்போதே கூட இருக்க வேண்டியவர் அவர்.

நாங்களும் பணம் போட வேண்டுமா?

மானியத்தில் 10 சதவீதம். அது கூட்டாட்சி, மாநில, உள்ளூர் அரசு வழியிலோ தனியார் வழியிலோ வரலாம். இடம், ஊழியர் நேரம் என்றும் காட்டலாம். ஐ3-யின் முதல் சுற்றில் இது 20 சதவீதம்.

எங்கள் பள்ளி கிராமத்தில் இருக்கிறது. வாய்ப்பு உண்டா?

உண்டு. தரமான விண்ணப்பங்கள் போதுமான அளவில் வந்தால், நிதியில் குறைந்தது 25 சதவீதம் கிராமப்புறத்துக்கு என்று சட்டமே சொல்கிறது.