அறுகம்பே சீசன் முடிஞ்சு சுவிஸ்ல ஸ்கீ: எப்ப போற, எங்க போற, காசு எங்கால?

கேள்வி: அண்ணன், நான் திருக்கோவில் ஆள், அறுகம்பேயில நாலு கபானா, கெஸ்ட் தங்கிற குடில், போட்டு நடத்துறன். அலைச்சறுக்கு (சேர்ஃப்) விளையாட வாற கெஸ்ட்மார் குளிர்காலத்தில ஸ்கீ, அதுதான் பனிச்சறுக்கு, போற வீடியோவ காட்டிக் காட்டி புள்ளைகளுக்கு ஆசை வந்திட்டு, எனக்கும்தான். அக்கா சுவிஸ்ல பேர்ன் நகரத்தில இரிக்கா, வாங்கடா வாங்கடா எண்டு எத்தினையோ வருசமா கூப்பிடுறா. இந்த டிசம்பர் லீவுக்கு நான், மனிசி, மகள் எட்டு வயசு, மகன் ஆறு வயசு, நாலு பேரும் போய் ஒரு கிழமை ஸ்கீ பண்ணிட்டு வருவம் எண்டு யோசிக்கிறம். பேங்க்ல பிக்ஸ்ட்ல 14 லட்சம் கிடக்கு, காணாததுக்கு மனிசிட நகைய ஈடு வச்சி 8 லட்சம் எடுக்கலாம். கபானா கூரை மாத்திற வேலையும் இரிக்கு, ஏப்ரலுக்கு முதல் முடிக்கணும். போகலாமா, எப்ப போனா நல்லம், வேற மலிவான இடம் இரிக்கா?

பதில்: தம்பி, நீங்க எழுதினத ரெண்டு தரம் வாசிச்சன். புள்ளைகளுக்கு பனிய காட்டணும் எண்டு நினைக்கிற தகப்பன்ட்ட நான் போகாதீங்க எண்டு சொல்ல மாட்டன். ஆனா இந்த டிசம்பர் வேணாம், நகை வேணவே வேணாம். ஏன் எண்டு சொல்லுறன்.

உங்கட தொழிலுக்கும் இந்த ஆசைக்கும் ஒரு நல்ல பொருத்தம் இரிக்கு. அறுகம்பேயில அலை நல்லா இரிக்கிறது மேயில இருந்து செப்டெம்பர் மட்டும், மிஞ்சினா ஒக்டோபர். மறுகா மழை தொடங்கினா கபானாக்கு ஆள் இல்ல. ஐரோப்பாவில ஸ்கீ சீசன் டிசம்பர்ல தொடங்கி ஏப்ரல் மட்டும் ஓடும், அதாவது நீங்க கைய கட்டிக்கொண்டு இரிக்கிற மாசங்கள்தான் அங்க பனி. அவுஸ்திரேலியா, நியூசிலாந்து பக்கம் யாரும் சொந்தக்காரர் கூப்பிட்டாலும் அந்தப் பக்கம் யோசிக்காதீங்க, அங்க ஸ்கீ ஜூன்ல இருந்து செப்டெம்பர், அது உங்கட உழைப்புக் காலம், ஒரு நாள் கபானாவ பூட்டினாலும் நட்டம்.

ஆனா அந்தப் பொருத்தத்துக்குள்ளயே கண்ணுக்குத் தெரியாத குழி ஒண்டும் இரிக்கு. வருமானம் இல்லாத ஏழு மாசத்தின்ட நட்ட நடுவில கொண்டு போய் பெரிய செலவ வைக்கிறீங்க. மாசச் சம்பளக்காரன் ஜனவரியில செலவழிச்சா பெப்ரவரி சம்பளம் வரும், உங்களுக்கு திரும்பி வந்து இறங்கினா அடுத்த கெஸ்ட் வர மூணு நாலு மாசம் கிடக்கு, அந்த நேரம்தான் கூரைக்காரனும் அட்வான்ஸ் கேப்பான், புள்ளைகளுக்கு புது வருசத்து கொப்பி சப்பாத்தும் வரும்.

அதனால 14 லட்சத்த 14 லட்சமா பார்க்காதீங்க. வீட்டுச் செலவு மாசம் 90,000 எண்டு வச்சாலே ஏழு மாசத்துக்கு 6 லட்சத்து 30 ஆயிரம், கூரைக்கு ஒரு 4 லட்சம். மிச்சம் 3 லட்சத்து 70 ஆயிரம், அதுதான் உண்மையில உங்கட கையில இரிக்கிற பயணக் காசு. அதுவும் பிக்ஸ்ட நடுவில உடைச்சா சொன்ன வட்டி வராது, வாற வட்டியிலயும் 2025 ஏப்ரல்ல இருந்து 10 வீதம் வரி வெட்டுறாங்க. முதிர்ச்சித் திகதி மட்டும் பொறுங்க.

நகை விசயத்த நான் கொஞ்சம் அழுத்தமாவே சொல்லுறன். ஈடு வச்சா அண்டைக்கே வட்டி ஓடத் தொடங்கும், உங்களுக்கு காசு ஓடத் தொடங்குறது மேயில. அடுத்த சீசன் நல்லா வரும் எண்டுதான எல்லாரும் நம்புற. 2019 ஏப்ரல் 21 குண்டு வெடிச்சது சீசன் தொடங்கிற வாசலில, 2020ல கொரோனா, 2022ல பெற்றோல் இல்லாம கெஸ்ட் கொழும்ப விட்டே வரல்ல, 2024 ஒக்டோபர்ல அமெரிக்க தூதரகம் அறுகம்பே பக்கம் போகாதீங்க எண்டு எச்சரிக்கை விட்ட உடனே ரூம் காலியானது, இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தர தேவையில்ல. அப்பிடி ஒரு வருசம் வந்தா நகைய மீட்க ஏலாது, ஏலத்துக்குத்தான் போகும். உல்லாசத்துக்கு மனிசிட கழுத்த ஈடு வைக்கக் கூடாது தம்பி.

சரி, இப்ப எப்ப போற எண்டத பார்ப்பம், ஏனெண்டா திகதிதான் இந்தக் கணக்கில பாதி.

கிறிஸ்மஸ்ல இருந்து புதுவருசம் மட்டும் சுவிஸ்ல எல்லாமே உச்ச விலை, ரூம், ஸ்கீ ஸ்கூல், எல்லாம். அவ்வளவு குடுத்தும் பனிக்கு உத்தரவாதம் இல்ல. 2022-23 புதுவருசத்தில அங்க கடும் வெக்கை, ஜனவரியில அடெல்போடன் எண்ட இடத்தில உலகக் கிண்ண ஸ்கீ போட்டிய சுத்திவர பச்சப் புல்லு, நடுவில மெஷின் பனி ஒரு கோடு போட்ட மாதிரி, அதுக்கு மேலதான் நடத்தினாங்க. பெப்ரவரியும் கவனம், அங்க ஒவ்வொரு மாநிலத்துக்கும் பள்ளிக்கூட விளையாட்டு லீவு எண்டு ஒண்டு பெப்ரவரியிலயும் மார்ச் தொடக்கத்திலயும் மாறி மாறி வரும், அந்தக் கிழமைகள்ல திரும்பவும் விலை ஏறும். மிச்சம் ரெண்டு இடைவெளிதான். ஒண்டு ஜனவரி பத்துக்குப் பிறகு மாச முடிவு மட்டும். கிறிஸ்மஸ் செலவுல அங்க உள்ளவங்களுக்கே கை வத்திப்போற நேரம், குளிரும் பிடிச்சிரிக்கும், பனியும் நிக்கும். மற்றது மார்ச் நடுப்பகுதி, உயரமான இடத்தில நல்ல பனி, வெயிலும் இரிக்கும், நாளும் நீளம். ஆனா உங்களுக்கு சீசனுக்கு முதல் கபானா வேலை முடிக்க இரிக்கிறதால ஜனவரிதான் என்ட தெரிவு.

விமான டிக்கட்டிலயும் அதே கதைதான். சுவிஸ்ல இரிக்கிற எங்கட சனம் டிசம்பர்ல ஊருக்கு வந்து ஜனவரி முதல் கிழமை திரும்புறாங்க, கொழும்பில இருந்து போற ப்ளைட் அந்தக் கிழமை நிறைஞ்சுதான் இரிக்கும். அந்த அலை போனப்பிறகு போங்க. புள்ளைகளுக்கு ரெண்டு கிழமை பள்ளிக்கூடம் பிசகும், அதிபர்ட்ட எழுத்தில லீவு எடுங்க, அந்தக் கடிதம் விசாவுக்கும் உதவும். பொங்கலும் அக்கா வீட்டில வரும், அவ எத்தின வருசமா தனியப் பொங்குறாவோ தெரியா.

இடம் எண்டா, பேரக் கேட்டு போகாதீங்க. செர்மாட் 1,620 மீட்டர்ல இரிக்கிற ஊர், மேல 3,883 மீட்டர் மட்டும் கேபிள் கார் போகும், வருசம் முழுக்க பனி, ஆனா அது ஓடத் தெரிஞ்சவனுக்கு. முதல் தரம் ஸ்கீய கால்ல மாட்டுற ஆளுக்கு முதல் ரெண்டு நாளும் தேவைப்படுறது ஒரு சின்னச் சரிவும், கன்வேயர் பெல்ட் மாதிரி மேல ஏத்திவிடுற கம்பளமும்தான். அது அனேகமா எல்லா மலை ஊரிலயும் இரிக்கு, அதுக்கு டிக்கட் வேற, மலை முழுக்க கேபிள் கார்ல ஏறி ஓடுற முழு டிக்கட்ட விட விலை நல்லாக் குறைவு.

இத நான் காசு குடுத்துப் படிச்சவன். என்ட சொந்தத் தம்பி வீட்டுக்குப் போனப்ப பெரிய இடம் ஒண்டில நாலு நாள் முழு டிக்கட் எடுத்தன். முதல் நாள் காலைல அந்த பூட்ஸ போட்டு பக்கிள இழுத்து மூடவே என்ட மகனுக்கு விரல் விறைச்சுப் போய் அழுதிட்டான், கையுறைய கழட்டி என்ட உள்ளங்கைக்குள்ள அவன்ட விரல வச்சு சூடாக்கி, ஒவ்வொரு பக்கிளா நான்தான் மூடினன், அதுக்கே முக்கால் மணித்தியாலம். சின்னச் சரிவ விட்டு ஒருத்தரும் அசையல்ல. மூணாம் நாள் மழை, நாலாம் நாளும் மழை, கவுண்டர்ல கேட்டா காசு திருப்ப மாட்டாங்க எண்டு முகத்தக் கூட பார்க்காம சொல்லிட்டாங்க. அதனால நான் இப்ப எல்லாருக்கும் சொல்லுற, நாள் நாளா எடுங்க, வானிலைய பாத்திட்டு எடுங்க. இப்ப பல இடத்தில முன்கூட்டி எடுத்தா விலை குறைவு, ஆனா திகதி கட்டுப்படும். அக்கா வீட்டில நிக்கிற ஆளுக்கு நல்ல நாள தெரிஞ்செடுக்கிற சுதந்திரம் அந்தக் கழிவ விட பெறுமதி.

கணக்கு இதுதான், ஒரு சுவிஸ் பிராங்க் 380 ரூபா எண்டு மட்டுமதிப்பா போடுறன். நீங்க நினைச்ச மாதிரி பெரிய இடத்தில நாலு பேருக்கும் முழு டிக்கட், ஸ்கீ வாடகை எண்டு போனா ஒரு நாளைக்கு 400 பிராங்க் அளவில, ஒன்றரை லட்சம் ரூபா. ஆறு நாளைக்கு 9 லட்சத்துக்கு மேல, ஸ்கீ ஸ்கூலும் படுக்கையும் இல்லாம. நான் சொல்லுறது மூணு நாள்தான். ரெண்டு நாள் சின்னச் சரிவு, அந்த ரெண்டு நாளும் புள்ளைகளுக்கு மாஸ்டர் வச்சு குரூப் கிளாஸ், அதில மட்டும் கஞ்சத்தனம் வேணாம். மூணாம் நாள் ஸ்லெட்ஜ், மரச்சட்டத்துக்கு மேல குந்திக்கொண்டு சறுக்கி வாறது, அதுக்கு பழக்கம் தேவையில்ல, புள்ளைகளுக்கு கடைசில அதுதான் கூடப் பிடிக்கும். எல்லாம் சேர 950 பிராங்க், 3 லட்சத்து 60 ஆயிரம். பேர்ன் நகரத்துக்கு பக்கத்திலேயே குர்ட்டன் எண்டு 858 மீட்டர் குன்று ஒண்டு இரிக்கு, பனி விழுந்த நாள்ல அங்க ஏறினா ரெயில் காசோட முடிஞ்சிரும், அக்காட புள்ளைகளுக்கு எல்லாம் தெரியும். ஜக்கெட் இங்க கொழும்பில வாங்காதீங்க, அவங்கட பழசக் கேளுங்க. ஜீன்ஸ் போட்டு மட்டும் பனியில இறங்க வேணாம், விழுந்த உடனே நனைஞ்சு குளிர் உள்ள போயிரும்.

இதோட விமான டிக்கட் நாலு பேருக்கு 10 லட்சம் எண்டு வைங்க, விசா பெரியாக்களுக்கு 90 யூரோ, ஆறில இருந்து பதினொரு வயசு மட்டும் 45 யூரோ, எல்லாம் ஒரு லட்சம் அளவில, இன்சூரன்ஸ் 60,000, அங்கத்த ரெயில் ஒரு லட்சத்து 10 ஆயிரம், அக்கா வீட்டுச் சாமான் சட்டிக்கும் கைச்செலவுக்கும் 2 லட்சம். மொத்தம் 18 லட்சத்து 30 ஆயிரம் வருது.

அவ்வளவு காசு இப்ப கையில இல்ல, அதனால ரெண்டு சீசன் சேர்த்திட்டு போங்க. மே தொடக்கம் செப்டெம்பர் கடைசி மட்டும் 22 கிழமை. கிழமைக்கு 34,000 தனிக் கணக்கில போட்டா ஒரு சீசனுக்கு ஏழரை லட்சம், ரெண்டு சீசனுக்கு 15 லட்சம், இப்ப கையில மிஞ்சிற 3 லட்சத்து 70 ஆயிரத்தோட சரியா வந்திரும். அப்ப மகளுக்கு பத்து, மகனுக்கு எட்டு, ஸ்கீ படிக்க இப்ப இரிக்கிற வயச விட நல்ல வயசு, விசாவும் புள்ளைகள்ட விலைதான். விமான டிக்கட் காச கடைசி மட்டும் ரூபாவில வச்சிரிக்காம ரெண்டாவது சீசன் முடியிற நேரமே கட்டிருங்க, ஆனா விசா வந்தப்பிறகு. 2022ல டொலர் ரெண்டு மூணு மாசத்தில 200ல இருந்து 360க்கு போனத மறந்திடாதீங்க. விசாவுக்கு பயணத்துக்கு ஆறு மாசம் முதல்ல இருந்தே போடலாம். சீசன் காச ஒழுங்கா பேங்க்ல போட்டு வந்தா அந்த ஸ்டேட்மென்டே உங்களுக்கு சாட்சி. போட முதல் நாள் எங்கயோ இருந்து 8 லட்சம் வந்து விழுந்தா அதப் பாக்கிறவன் சந்தேகப்படத்தான் செய்வான்.

அக்காவுக்கும் ஒரு பொறுப்பு வரலாம். தூதரகம் கேட்டா அவ உங்களுக்காக பொறுப்புப் பத்திரம் கையெழுத்து வைக்கணும், அது 30,000 பிராங்க் வரைக்கும் அவட தலையில. எங்கட காசுக்கு ஒரு கோடியே 14 லட்சம். அதனால இன்சூரன்ஸ் எடுக்கேக்க விசாவுக்கு வேண்டிய 30,000 யூரோ இரிக்கா எண்டு மட்டும் பாத்திட்டு வராதீங்க, பனிச்சறுக்குக்கும் மீட்பு ஹெலிகொப்டருக்கும் பாதுகாப்பு இரிக்கா எண்டு எழுத்தில வாங்குங்க, சாதாரண பயண இன்சூரன்ஸ்ல ஸ்கீய அனேகமா விட்டிருப்பாங்க. கால் முறிஞ்சு மலையில இருந்து தூக்கினா பில் ஆயிரக் கணக்கில பிராங்க்.

மலிவான இடம் கேட்டீங்க. காஷ்மீர் குல்மார்க் இரிக்கு, ஸ்ரீநகர்ல இருந்து 50 கிலோமீட்டர், கோண்டோலா எண்ட கேபிள் கார் ரெண்டு கட்டமா கிட்டத்தட்ட 3,950 மீட்டர் மட்டும் ஏறும், ஜனவரி பெப்ரவரிதான் நல்ல பனி, அடிவாரத்தில புல்வெளிச் சரிவு பழகிற ஆளுக்கு நல்லம். செலவு சுவிஸ விட எவ்வளவோ குறைவு. ஆனா 2024 ஜனவரியில அங்க பனியே இல்லாம மண் தெரிஞ்சது, 2025ல பனி காணாம குளிர்கால விளையாட்டுப் போட்டிய ஒத்திவச்சாங்க. டெல்லி மூடுபனில ப்ளைட் பிந்தும், ஸ்ரீநகர்ல பனி கொட்டினா ப்ளைட்டே இல்ல. 2025 ஏப்ரல்ல பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு பாதுகாப்பையும் பாக்கணும். கூப்பிட அக்கா இல்லாத ஆளுக்கு நான் குல்மார்க்தான் சொல்லியிருப்பன். உங்களுக்கு சுவிஸ்ல படுக்கையும் சோறும் இரிக்கு, புள்ளைகள் மச்சான் மச்சாளோட விளையாடவும் கிடைக்கும், ரெண்டு வருசம் பொறுத்து அங்கயே போங்க.

இந்தக் கிழமையே அக்காட்ட ரெண்டு விசயம் கேளுங்க, அவட மாநிலத்தில பள்ளிக்கூட லீவுத் திகதி என்ன, பொறுப்புப் பத்திரம் வைக்கிற நிலையில அவ இரிக்காவா. கூரைக்காரன்ட்ட விலையும் எழுதி வாங்குங்க, 4 லட்சத்துக்கு மேல வந்தா எனக்கு எழுதுங்க, கிழமைக்கு 34,000 எண்டத மாத்திப் போடுவம்.