பெட்ரோல் பங்க் நடத்திய சிப்பாய் – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஓட்டுரிமைப் போராட்டம் பற்றி எழுதும்போது, மிசிசிப்பியில் பெட்ரோல் பங்க் வைத்திருந்த ஆம்ஸி மூர் என்ற முன்னாள் சிப்பாயை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். அந்த வரியிலேயே நின்றுவிட்டேன்.

என் அப்பாவும் எக்ஸ் சர்வீஸ்மேன்தான். ஹவில்தாராக ஓய்வுபெற்று வந்து, குடியாத்தம் பக்கம் மளிகைக் கடை வைத்தார். போன மாதம் காலமானார். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் 71 போரைப் பற்றித்தான் பேசினார்கள். பட்டாளத்தில் இருந்ததைவிட இரண்டு மடங்கு காலம் அவர் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஊருக்கு வந்த சிப்பாய்க்குக் கடை என்பது வெறும் வயிற்றுப்பாடுதானா? மூரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத முடியுமா?

– ஒரு வாசகர், குடியாத்தம்

அன்புள்ள நண்பருக்கு,

அப்பாவின் மறைவுக்கு என் இரங்கல்கள்.

மூரின் கடை வயிற்றுப்பாட்டுக்குக்கூட ஒழுங்காக உதவவில்லை. வியாபாரம் என்று பார்த்தால் அது கடனிலேயே ஓடிய கடை. ஆனால் அந்தக் கடையைக் கழித்துவிட்டு அவர் வாழ்க்கையைச் சொல்லவே முடியாது.

1911-ல் மிசிசிப்பியின் பருத்தி மண்ணில் பிறந்தவர். டெல்டா என்று சொல்லப்படும் அந்தப் பகுதியில் கறுப்பினத்தவர்களே பெரும்பான்மை. நிலம், கோர்ட், போலீஸ், பேங்க் எல்லாம் வெள்ளையர் கையில். கிளீவ்லாந்து என்ற சின்ன ஊரின் தபால் ஆபீசில் கடைநிலை வேலை கிடைத்தது. அது மத்திய அரசு வேலை, உள்ளூர்ப் பண்ணையார் நினைத்தால் பிடுங்கிவிட முடியாது. பிற்பாடு அவருக்கு அது எவ்வளவு பெரிய கவசமாக இருந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

1942-ல் ராணுவத்துக்கு எடுத்தார்கள். பர்மா என்றதும் நமக்கு அங்கிருந்து நடந்தே திரும்பிய நம் ஆட்கள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். அதே போர்முனைக்குத்தான் மூரும் அனுப்பப்பட்டார். அன்றைய அமெரிக்க ராணுவத்தில் வெள்ளையருக்குத் தனி முகாம், கறுப்பினத்தவருக்குத் தனி முகாம். "போர் முடிந்து ஊருக்குப் போனாலும் உங்களுக்குச் சுதந்திரம் கிடையாது" என்று ஜப்பானிய வானொலி கறுப்பினச் சிப்பாய்களைச் சீண்டிக்கொண்டே இருந்தது. அதற்கு மறுப்பாகச் சொற்பொழிவு ஆற்றும் வேலை மூருக்கு! ஜனநாயகத்தைக் காக்கப் போரிடுகிறோம் என்று பிரிக்கப்பட்ட முகாமுக்குள் நின்றுகொண்டு சொல்ல வேண்டும். ஜப்பான்காரன் சொன்னதில் பொய் இல்லை என்பது பேசுகிறவருக்கும் தெரியும், கேட்கிறவர்களுக்கும் தெரியும். அவரைப் போராளி ஆக்கியது குண்டுச் சத்தம் அல்ல, இந்தப் பிரசங்க வேலைதான் என்பது என் எண்ணம்.

1946-ல் ஊர் திரும்பினார். கறுப்பினச் சிப்பாய்கள் திரும்பி வருகிறார்கள் என்று பயந்து, ஊர்க்காவல் என்ற பெயரில் வெள்ளையர்கள் ஆள் திரட்டிக்கொண்டிருந்ததைப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

மறுபடி தபால் ஆபீஸ். அதோடு கடன் வாங்கி 61-ஆம் எண் நெடுஞ்சாலையில் ஒரு பெட்ரோல் பங்க் கட்டினார். உங்கள் கேள்விக்கான பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. அந்தச் சாலையில் போகும் கறுப்பினக் குடும்பம் எந்த பங்கிலும் காசு கொடுத்துப் பெட்ரோல் போடலாம், கழிப்பறையை மட்டும் தொட முடியாது. குழந்தையோடு போகிறவர்கள் வண்டியை ஓரமாக நிறுத்திப் புதருக்குப் பின்னால் போக வேண்டியதுதான். பக்கத்து ஊரான மவுண்ட் பேயுவைச் சேர்ந்த டி.ஆர்.எம். ஹோவர்ட் என்ற டாக்டர் 1951-ல் ஒரு அமைப்பைத் தொடங்கினார். மூரும் அதில் முக்கியமான ஆள். 'கழிப்பறைக்கு விடாதவனிடம் பெட்ரோல் போடாதே' என்று அச்சடித்து வண்டிகளின் பின்னால் ஒட்டினார்கள். அரசியல் சட்டம், மனித உரிமை என்று பெரிய பேச்சு எதுவும் இல்லை. கேட்ட மாத்திரத்தில் எல்லோருக்கும் புரிகிற கோரிக்கை.

மூரின் பங்கில் 'வெள்ளையர்', 'கறுப்பர்' என்று தனித்தனிப் பலகை மாட்டச் சொன்னார்கள். மாட்ட மாட்டேன் என்றுவிட்டார். டீக்கடையில் இரட்டைக் குவளை வைக்க மறுத்தவர்களுக்குத் தெரியும், இதற்கு என்ன விலை கொடுக்க வேண்டும் என்று. 1954-ல் பள்ளிகளில் நிறப்பாகுபாடு செல்லாது என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்ததும், பக்கத்திலுள்ள இண்டியனோலாவில் 'வெள்ளைக் குடிமக்கள் மன்றம்' முளைத்தது. அவர்கள் முதலில் கையில் எடுத்த ஆயுதம் பேங்க். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பது பற்றிப் பேசுகிறவனின் கடனை உடனே கட்டச் சொல், சரக்குக் கொடுக்காதே, வேலையை விட்டு நிறுத்து.

மூர் பலமுறை ஜப்தியின் விளிம்புக்குப் போய்த் திரும்பினார். மெம்பிஸில் கறுப்பினத்தவர்கள் நடத்திய டிரை-ஸ்டேட் பேங்க்கில் வெளியூர் சங்கங்கள் பணம் போட்டு, இவரைப் போன்றவர்களுக்குக் கடன் கிடைக்கச் செய்தன. நியூயார்க்கிலிருந்து எல்லா பேக்கர் (Ella Baker) என்ற பெண் போராளியும் அவர் நண்பர்களும் உதவி திரட்டி அனுப்பினார்கள். மற்றவர்கள் கதி இன்னும் மோசம். பெல்சோனி என்ற ஊரில் வாக்காளர் பட்டியலில் ஆள் சேர்த்த இருவருமே, உங்கள் அப்பாவைப் போல, மளிகைக் கடைக்காரர்கள். பாதிரியார் ஜார்ஜ் லீ 1955 மே மாதம் சுட்டுக் கொல்லப்பட்டார். கஸ் கோர்ட்ஸ் அதே ஆண்டு நவம்பரில் சுடப்பட்டு, உயிர் பிழைத்து, ஊரை விட்டே போய்விட்டார்.

ஏன் கடைக்காரர்கள்? வாரத்துக்கு உழுகிறவன் வாய் திறந்தால் அன்றே குடிசையைக் காலி செய்ய வேண்டும். வாத்தியாருக்கு வேலை போய்விடும். சொந்த வாடிக்கையாளர்களை நம்பிப் பிழைக்கிற கடைக்காரனை அவ்வளவு சுலபமாக அசைக்க முடியாது. ஊரே வந்து போகிற இடம் வேறு. கிளார்க்ஸ்டேலின் ஏரன் ஹென்றியும் இதே வார்ப்புதான். ராணுவத்திலிருந்து திரும்பி, முன்னாள் படைவீரர் சலுகையில் மருந்தியல் படித்து, மருந்துக் கடை வைத்து, மாநிலத் தலைவர்களில் ஒருவரானார். ராணுவம் உலகத்தைக் காட்டியது, கடை நிற்க இடம் கொடுத்தது. இரண்டில் எது பெரிது என்று கேட்டால் நான் கடையைத்தான் சொல்வேன்.

1960 கோடையில் அந்த எல்லா பேக்கர் அம்மையார் அனுப்பி, பாப் மோசஸ் என்ற இளம் கணக்கு வாத்தியார் மூர் வீட்டுக்கு வந்தார். அப்போது தெற்கே எங்கும் மாணவர்கள் உணவு விடுதிகளில் உட்கார்ந்து போராடிக்கொண்டிருந்த நேரம். மூர் அதில் ஆர்வம் காட்டவில்லை. வெள்ளையன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதல்ல பிரச்சினை, ஓட்டுத்தான் என்றார். ஆட்களை அனுப்புங்கள், வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்போம் என்ற திட்டத்தை மோசஸ் கையில் கொடுத்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் 1964 கோடையில் வடக்கிலிருந்து மாணவர்கள் நூற்றுக்கணக்கில் மிசிசிப்பிக்குள் இறங்கிய இயக்கம். அந்த ஆண்டில், மிசிசிப்பியில் ஓட்டுப் போடும் வயதுள்ள கறுப்பினத்தவரில் சுமார் 6.7 சதவீதம் பேர்தான் வாக்காளர் பட்டியலில் இருந்தார்கள். 1965-ல் ஓட்டுரிமைச் சட்டம் வந்தது. 1967-ல் அது 59.8 சதவீதம்.

இன்னொன்று. மூர் வீட்டில் தங்கிய மாணவர்கள் அகிம்சைப் பயிற்சி பெற்றவர்கள். வீட்டுக்காரரோ ராத்திரி முழுக்க வீட்டைச் சுற்றிப் பளீரென்று விளக்குப் போட்டு, கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி வைத்திருந்தார். கொள்கை முரண் என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. முகாமுக்குக் காவல் போடாமல் எந்தச் சிப்பாய் தூங்குவான்?

1982-ல் காலமானார். கிளீவ்லாந்தில் அவர் வீடு இப்போது நினைவில்லம். இவ்வளவு விவரம் நமக்குத் தெரிவதற்குக் காரணம், அவருடைய கடிதங்களும் கடன் விவகாரக் காகிதங்களும் விஸ்கான்சின் வரலாற்றுக் கழகத்தில் பத்திரமாக இருப்பதுதான். உங்கள் அப்பாவின் கடையில் கடன் நோட்டுகள் இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். யார் யாருக்கு எத்தனை மாதம் தவணை விட்டார், யார் கணக்கை அடித்துவிட்டார் என்பதெல்லாம் அதில் இருக்கும். அம்மா இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பெயர்கள் யாருடையவை என்று கேட்டு எழுதிவையுங்கள்.

அன்புடன்.