நான்கு கோளங்கள் சேர்ந்தால் ஏன் நான்முகி?

கேள்வி: பால்மத்தின் (நீரில் எண்ணெய் சிறு துளிகளாகப் பரவிய கலவை) துளிக்குள் நுண்கோளங்களை அடைத்து உலர்த்தினால், ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் ஒரே வடிவக் கொத்துதான் கிடைக்கும் என்று படித்தேன். வேண்டிய வடிவத்தை நாமே வரவழைக்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் அதற்குத் துகளைவிடத் துளியைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும்.

2003-இல் வினோதன் மனோகரன், எல்செசர், பைன் என்ற ஆய்வாளர்கள் 844 நானோமீட்டர் பாலிஸ்டைரீன் (ஒரு பிளாஸ்டிக்) கோளங்களை டொலுயீன் என்ற எண்ணெயின் துளிகளில் வைத்து, டொலுயீனை ஆவியாக்கினார்கள். கோளங்கள் துளியின் விளிம்பில் ஒட்டிக்கொள்ளும். துளி சுருங்கச் சுருங்க அவை நெருங்கி, ஒன்றையொன்று தொட்டதும், மிஞ்சிய எண்ணெயின் மேற்பரப்பு இழுவிசை கொத்தைச் சட்டென்று இறுக்கிவிடும். நான்கு என்றால் நான்கு முக்கோண முகங்கள் கொண்ட நான்முகி, ஆறு என்றால் எட்டு முக்கோண முகங்கள் கொண்ட எண்முகி.

ஆறு என்ற எண் எனக்கு மிகவும் பிடித்தது. துளியே இல்லாமல், மெல்லிய ஈர்ப்பால் மட்டும் ஆறு கோளங்கள் ஒட்டினால் எண்முகி அபூர்வம். சமச்சீர் குறைந்த இன்னொரு அடுக்குதான் பெரும்பாலும் உருவாகும். தொடும் இடங்கள் இரண்டிலும் 12 தான். ஆகவே வடிவத்தைத் தேர்ந்தெடுத்தது துளி என்பது தெளிவு. கோளத்தின் மேற்பரப்பை மாற்றி, அது விளிம்பில் நிற்காமல் துளியின் உள்ளே மிதக்கும்படி செய்தாலும் கிடைக்கும் வடிவம் மாறிவிடும். பெரிய கோளங்களோடு மிகச் சிறியவற்றைக் கலப்பது இன்னொரு வழி.

எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவதுதான் உண்மையான சிரமம். நான் முதன்முதலில் பால்மத்தைக் கையால் குலுக்கித்தான் தயாரித்தேன். துளிகள் பல அளவில் அமைந்தன. ஒன்றில் இரண்டு கோளம், அடுத்ததில் பதினொன்று. ஒரே அளவுத் துளி அமைந்தாலும், எதில் எத்தனை கோளம் சிக்கும் என்பது தற்செயல்தான். அதனால் பின்னால் பிரித்தெடுத்தே ஆக வேண்டும். மேலிருந்து கீழே அடர்த்தி கூடிக்கொண்டே போகும் திரவத்தின் மீது கலவையை ஊற்றி, மையவிலக்கியில் சுழற்றுவேன். கனமான கொத்து வேகமாக இறங்கும். குழாயில் விளக்கொளி பட்டதும் வெண்ணிறப் பட்டைகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரியும்: தனிக் கோளங்கள், இரட்டைகள், மூன்றின் கொத்துகள், அதற்கும் கீழே நான்கு. அந்த நான்காவது பட்டையை மட்டும் ஊசியால் மெல்ல உறிஞ்சி எடுத்து, ஒரு சொட்டைக் கண்ணாடியில் வையுங்கள். நுண்ணோக்கியில் முதலில் முக்கோணமாக மூன்று கோளங்கள் தெரியும். குவியத்தை ஒரு நூல் உயர்த்தினால் அவை மங்க, நடுவில் நான்காவது தெளிந்து வரும்.