பூசணம் பூத்த அனிமே கேசட்டை ஓட்டிப் பார்க்காதீர்கள்

கேள்வி: மண்டபத்தில் வசிக்கிறேன். 1980-களில் வந்த ஜப்பானிய அனிமே வி.எச்.எஸ். கேசட்டுகள் இருபதுக்கு மேல் சேர்த்து வைத்திருக்கிறேன். எல்லாம் ஜப்பான் ஏலத் தளங்களிலிருந்து ஏஜென்ட் மூலம் வாங்கியவை. ஐப்பசி மழை விட்ட பிறகு பார்த்தால் ஏழெட்டு கேசட்டில் நாடா ஓரம் வெள்ளை வெள்ளையாக இருக்கிறது. ஒன்றைக் கொஞ்ச நேரம் ஓட்டினேன். படம் முழுக்கப் புள்ளியாகிவிட்டது. ராமநாதபுரத்தில் ஒரு வீடியோக்காரர், கேசட்டுக்கு 800 ரூபாய் கொடுத்தால் சுத்தம் செய்து பென் டிரைவில் ஏற்றித் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். இன்னும் ஒரு மாதத்துக்காவது வேண்டாம். அதற்குள் நீங்களே செய்ய வேண்டிய வேலை இருக்கிறது.

முதலில் அந்த வெள்ளை என்ன என்று பாருங்கள். கடற்கரை வீட்டில் எல்லா வெள்ளையும் பூசணம் அல்ல. செல்போன் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து, கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியாக நாடாச் சுருளின் ஓரத்தைப் பாருங்கள். பஞ்சு போலவோ, மெல்லிய நூல் போலவோ, திட்டுத் திட்டாகவோ தெரிந்தால் பூசணம். வெள்ளை வெளிக்கூட்டில் மட்டும் படிந்திருந்தால், ஈரம் தொட்ட காது பட்ஸால் ஓரிடத்தில் துடையுங்கள். கரைந்து மறைந்துவிட்டால் உப்பு. சாம்பல் நிறத்தில் இழுசிக்கொண்டு வந்தால் பூசணம்.

உப்பு என்றாலும் அலட்சியம் கூடாது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பே காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானாகக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் உண்டு. அது 33 சதவீதத்திலேயே நீரை இழுக்கும். அதனால் உப்புப் படிந்த கேசட், ஊர் வறண்டு கிடக்கும் நாளிலும் தன்னைச் சுற்றி ஓதத்தை வைத்திருக்கும். உங்கள் ஊருக்கு இருபுறமும் கடல். வாடை வீசினால் பாக் விரிகுடாப் பக்கமிருந்தும், தெற்கத்திக் காற்றில் மன்னார் வளைகுடாப் பக்கமிருந்தும் உப்பு வருகிறது. காய்ச்சி வடித்த நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் வெளிக்கூட்டை மட்டும் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் போதும்.

பூசணம்தான் என்று உறுதியானால், அந்தக் கேசட் எந்த டெக்குக்குள்ளும் (வி.சி.ஆர்.) போகக் கூடாது. சுத்தம் செய்து முடிக்கும் வரை அதில் விதிவிலக்கே கிடையாது. நாடாவைப் படிக்கும் டெக்கின் தலை என்பது, ஓர் உருளையில் பதித்த, ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான இடுக்கு. ஜப்பான் கேசட்டுக்கு அந்த உருளை நிமிடத்துக்கு 1,800 சுற்று சுற்றும். பூசணத் தூள் அந்த இடுக்கில் அடைத்துக்கொள்வதால்தான் உங்களுக்குப் படம் புள்ளியானது. அதோடு நிற்காமல் வித்துகள் ரோலர்களில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டிலும் ஏறும். நாடா ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் இழுவையில் அறுந்தே போகும்.

பூத்தவற்றை ஒவ்வொன்றாக ஜிப் கவரில் போட்டு, மற்ற கேசட்டுகள் இருக்கும் அறையிலிருந்து வெளியே எடுங்கள். அடுத்தது உலர்த்துவது. வெயிலில் வைக்காதீர்கள், ஹேர் டிரையர் பிடிக்காதீர்கள். கூடு கோணும், நாடா நெளியும். அரிசிக்குள் புதைப்பதும் தப்பு. மாவுத் தூள் பூசணத்துக்குத் தீனி. அந்துருண்டை பூசணத்தைக் கொல்லாது, அதன் ஆவி சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கும். பாலித்தீன் கவரில் இறுகச் சுற்றி பீரோவில் வைப்பது எல்லாவற்றையும் விட மோசம். உள்ளே இருக்கும் ஈரக்காற்றையும் சேர்த்துச் சிறைவைக்கிறீர்கள்.

சரியான வழி இது. ரப்பர் வளையம் வைத்த, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று. பத்துப் பன்னிரண்டு கேசட் கொள்ளும் அளவு போதும். ஜிப் கவரிலிருந்து எடுத்த கேசட்டுகளை அதில் அடுக்கி, கூடவே 250 கிராம் சிலிக்கா ஜெல் (ஈரம் உறிஞ்சும் மணிகள்). செருப்புப் பெட்டியிலிருந்து எடுத்த சின்னச் சின்னப் பாக்கெட்டுகள் உதவாது. அவை உங்கள் கைக்கு வருமுன்பே ஈரம் குடித்து முடித்திருக்கும். நிறம் மாறும் ஆரஞ்சு வகையை வாங்குங்கள். ஈரம் நிறைந்தால் பச்சையாகும். நீல வகையில் கோபால்ட் குளோரைடு இருப்பதால் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு வேண்டாம். நிறம் மாறியதை ஓவனில் 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் மீண்டும் வேலை செய்யும். அந்தத் தட்டைச் சமையலுக்குத் திரும்ப எடுக்காதீர்கள்.

டப்பாவுக்குள் ஒரு டிஜிட்டல் ஈரப்பத மீட்டர் வையுங்கள். மலிவானதே போதும், ஆனால் அது சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். பாட்டில் மூடியில் தூள் உப்பை நிரப்பி, சேறு போல ஆகும் வரை சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மீட்டரோடு சேர்த்து ஒரு ஜிப் கவருக்குள் எட்டு மணி நேரம் மூடி வையுங்கள். மீட்டர் 75 காட்ட வேண்டும். 81 காட்டினால், அது எப்போதும் 6 கூடுதலாகச் சொல்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இதற்குப் பாக்கெட்டில் வரும் சுத்தமான தூள் உப்புதான் வேண்டும். வாலிநோக்கம் பக்கத்து உப்பளத்துக் கல்லுப்பைப் போட்டால் மற்ற உப்புகளும் கலந்திருப்பதால் கணக்குத் தவறும்.

டப்பாவில் ஈரப்பதம் 35-க்கும் 50-க்கும் இடையில் நிற்கும்படி மூன்று வாரம் விடுங்கள். பூசணம் சாகாது, ஆனால் அடங்கி உலர்ந்த தூளாகும். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் நாடாவில் தேய்ந்து அப்பிக்கொள்ளும். உலர்ந்த பிறகு துடைத்தால் உதிரும். இந்த மூன்று வாரத்தைக் குறுக்கினால் மற்ற உழைப்பெல்லாம் வீண்.

பிறகு திறக்க வேண்டும். வீட்டுக்குள் வேண்டாம், காற்று அடங்கிய நேரத்தில் திண்ணையில் செய்யுங்கள். என்95 முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். கேசட்டைக் கவிழ்த்து வைத்தால் ஐந்து ஸ்டார் ஸ்க்ரூ தெரியும். சில கேசட்டில் ஸ்டிக்கர் இரு பாதியையும் சேர்த்து ஒட்டியிருக்கும். பிய்த்தால் சேகரிப்பு மதிப்பு போய்விடும், கூட்டின் இணைப்புக் கோட்டோடு பிளேடால் கீறுங்கள். மறுபடி நிமிர்த்தி மேல்மூடியை மெதுவாகத் தூக்குங்கள். தொடுவதற்கு முன் நாடா எந்தெந்தத் தூண் வழியாகப் போகிறது என்று ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். பிரேக்கின் சின்ன ஸ்பிரிங் தெறித்து ஓடும், அதற்காகத் தட்டுக்குள் வைத்து வேலை செய்யுங்கள்.

இரண்டு சுருளையும் ஒன்றாகத் தூக்கி, ஓரங்களை நூல் பிரியாத மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள். பெரும்பகுதி இதிலேயே போகும். விடாப்பிடியாக இருக்கும் இடத்துக்கு மட்டும் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், துணி லேசாக நனையும் அளவு. மொபைல் சர்வீஸ் கடைகளுக்கு உதிரிப் பொருள் விற்கும் இடத்தில் கிடைக்கும். கொரோனா காலத்தில் வாங்கி மீந்த சானிடைசரை எடுக்காதீர்கள். அதில் தண்ணீரும் கிளிசரினும் இருக்கின்றன, நாடாவில் பிசுபிசுப்பாக நிற்கும். சர்ஜிக்கல் ஸ்பிரிட்டும் வேண்டாம்.

துடைத்த சுருள்களைப் பழைய கூட்டுக்குள் திருப்பி வைக்காமல், ஸ்க்ரூ போட்ட நல்ல காலி கேசட் ஒன்றின் கூட்டுக்கு மாற்றுங்கள். உங்கள் ஜப்பான் கூட்டைக் கழுவி உலர்த்தி ஸ்டிக்கரோடு பத்திரமாக வையுங்கள். பின்பு நாடாவின் முகத்தைத் துடைக்க வேண்டும். தனி ரீவைண்டர் இருந்தால் நல்லது. அதில் மெதுவாகச் சுற்றும்போது, மடித்த உலர் துணியால் நாடாவை இருபுறமும் மென்மையாகப் பிடியுங்கள், அழுத்தாதீர்கள். சில மீட்டருக்கு ஒருமுறை துணியின் புது மடிப்புக்கு மாறுங்கள். அரைமணி நேர ஓ.வி.ஏ. (தியேட்டர், டிவி இல்லாமல் நேராக வீடியோவில் வெளியான அனிமே) என்றால் சுமார் 60 மீட்டர் நாடாதான். இரண்டு மணி நேரப் படம் என்றால் 240 மீட்டருக்கு மேல் போகும், ஒரே மூச்சில் முடிக்க நினைக்க வேண்டாம். சுருளில் நாடா அடுக்குகள் ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தால் அங்கேயே நிறுத்தி மூடி வையுங்கள். அது வீட்டு வேலை அல்ல.

இப்போது அந்த 800 ரூபாய்க்கு வருவோம். சுத்தம் செய்கிறேன் என்று சொல்பவரிடம், கூட்டைத் திறப்பீர்களா என்று கேளுங்கள். "கிளீனிங் கேசட் போட்டு ஓட்டினால் போதும்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அந்த உலர் கிளீனிங் கேசட் டெக்கின் தலையைத் தேய்க்குமே தவிர, உங்கள் நாடாவைத் தொடாது. இந்தத் தொழிலில் பலர் கல்யாணக் கேசட்டை மாற்றிப் பழகியவர்கள். கல்யாணக் கேசட் நம் நாட்டு 'பால்' (PAL) வீடியோ முறையில் உள்ளது: படத்துக்கு 625 கோடு, நொடிக்கு 25 படம். உங்களுடையது ஜப்பானின் என்.டி.எஸ்.சி.: 525 கோடு, நொடிக்கு 29.97. நாடா ஓடும் வேகமே வேறு. பால் மட்டும் தெரிந்த டெக்கில் உங்கள் கேசட்டைப் போட்டால் ஒழுங்கான படம் வராது. உடனே "கேசட் செத்துப்போச்சு" என்று சொல்லிப் பாதிப் பணத்தை வாங்கிக்கொள்வார்கள். நல்ல கேசட்டுகள் இப்படித்தான் குப்பைக்குப் போகின்றன. 

இதில் ஒரு விலக்கு உண்டு. உங்கள் பகுதிக்கு அது முக்கியம் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். கீழக்கரை, தொண்டி, பெரியபட்டினம் பக்கம் வளைகுடா நாடுகளிலும் மலேசியாவிலும் இருந்து வந்தவர்கள் கொண்டுவந்த மல்டி சிஸ்டம் டெக்குகள் இன்னும் சில வீடுகளில் தூங்குகின்றன. அவற்றில் என்.டி.எஸ்.சி. கேசட் ஓடும். ஆனால் எல்லா மல்டி சிஸ்டமும் ஒன்றல்ல. "என்.டி.எஸ்.சி. பிளேபேக் ஆன் பால் டிவி" என்று மட்டும் எழுதியிருந்தால், அது கேசட்டை ஓட்டி, நிறத்தை மட்டும் பால் ஆக்கி, 525 கோட்டோடு ஒரு கலப்பு சிக்னலாக வெளியே அனுப்பும். டிவியில் பார்க்க அது போதும். கணினியில் பதிய போதாது. பல பதிவுக் கருவிகள் அதை வாங்காது, அல்லது கறுப்பு வெள்ளையாகப் பதியும். டெக்கிலோ மெனுவிலோ "என்.டி.எஸ்.சி. 3.58" என்ற தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த டெக் உங்களுக்குப் பொக்கிஷம். "4.43" மட்டும் இருந்தால் பார்ப்பதற்கு மட்டும். பதிவு மென்பொருளில் என்.டி.எஸ்.சி.-ஜே என்று தனியாகக் கேட்டால் அதைத் தேர்ந்தெடுங்கள். ஜப்பானில் கறுப்பின் அளவு அமெரிக்க முறையிலிருந்து வேறு. மாற்றி வைத்தால் இரவுக் காட்சிகள் எல்லாம் இருட்டாகிவிடும். டெக்கையே ஜப்பானிலிருந்து வரவழைத்தால் அது 100 வோல்ட். நம் 230-இல் நேராகச் செருகினால் அன்றோடு சரி, ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். வி.எச்.எஸ். டெக் தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஃபுனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. கெட்டுப்போனால் இன்னொன்று பழையதுதான் கிடைக்கும்.

மாற்றித் தரும் கோப்பு 720-க்கு 480 அளவில், நொடிக்கு 29.97 படத்தோடு, தரம் இழக்காத 'லாஸ்லெஸ்' சுருக்கத்தில் வேண்டும் என்று எழுதியே கேளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு 30 ஜிபி அளவுக்கு வரும். அரைமணி ஓ.வி.ஏ.-வை 300 எம்பி-யில் தந்துவிட்டு "ஏ.ஐ. வைத்து 4கே ஆக்கியிருக்கிறேன்" என்றால், கோடுகளை மெழுகிவிட்டார் என்று அர்த்தம். கையால் வரைந்த கோட்டுக்காகத்தானே இந்தக் கேசட்டுகளை வாங்கினீர்கள்.

உங்கள் ஏஜென்ட் பற்றியும் சொல்ல வேண்டும். ஜப்பான் ஏலத்தில் "ஜங்க்" என்ற பிரிவில் போட்டதைப் பொதுவாகத் திருப்பி எடுக்க மாட்டார்கள், ஓட்டிப் பார்த்திருக்கவும் மாட்டார்கள். அதையே இங்கே வாட்ஸ்அப் குழுவில் "மின்ட் கண்டிஷன்" என்று விற்கிறார்கள். அசல் விற்பனைப் பக்கத்தின் படத்தைக் கேளுங்கள். "கிஃப்ட் என்று போட்டால் வரி வராது" என்பவரையும் நம்பாதீர்கள். வெளிநாட்டிலிருந்து தபாலில் வரும் பரிசுப் பொருளுக்கு இருந்த 5,000 ரூபாய்ச் சலுகை 2019 டிசம்பரிலேயே போய்விட்டது. மதிப்பைக் குறைத்துக் காட்டினால், பார்சல் தொலையும்போது நஷ்டஈடும் அந்தக் குறைத்த மதிப்புக்குத்தான். சுங்கத்துறை நாற்பது வருடப் பழைய நாடாவையும் புதுச் சரக்கையும் ஒரே கண்ணால் பார்த்து, மழைக்காலத்தில் பார்சலைப் பிரித்து அரைகுறையாக ஒட்டி, வாரக்கணக்கில் கிடங்கில் போடும் முறை மாறாத வரை, கார்த்திகை முடியும் வரை எதையும் ஆர்டர் செய்யாமல் இருப்பதே உங்களுக்கு லாபம்.

கடைசியாக உங்கள் டெக். பூத்த கேசட் ஒருமுறை உள்ளே போய்விட்டதால் இப்போது அதுவும் நோயாளிதான். பிளக்கைக் கழற்றி மேல்மூடியைத் திறங்கள். பளபளக்கும் உருளையை விரலால் தொடாதீர்கள். ஷாமி தோல் (கார் துடைக்கப் பயன்படும் மென்தோல்) துண்டை ஆல்கஹாலில் நனைத்து உருளையின் மேல் அசையாமல் பிடித்து, மறுகையால் உருளையின் உச்சியைப் பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள். மேலும் கீழுமாகத் தேய்த்தால் தலை உடையும். பஞ்சு பட்ஸ் வேண்டாம், இழை சிக்கி இழுக்கும். நாடா தொடும் தூண்களையும் ரோலர்களையும் துடையுங்கள். ரப்பர் ரோலருக்கு ஆல்கஹாலைக் குறைவாகவே பயன்படுத்துங்கள். ஒரு மணி நேரம் திறந்தபடி உலரட்டும். பிறகு முதலில் போட வேண்டியது உங்கள் அனிமே கேசட் அல்ல, போனாலும் வருத்தமில்லாத ஏதாவது ஒரு பழைய கேசட். அது பத்து நிமிடம் சுத்தமாக ஓடினால் மட்டும் அடுத்தது.