ஏழு வாரக் கூஸ் குஞ்சு ஆணா, பெட்டையா? என்ன இனம்?

உங்கள் கேள்வியின் சாரம் இது: பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் மஞ்சள் பஞ்சு உருண்டையாக வாங்கி வந்த கூஸ் (வாத்தைவிடப் பெரிய, நீளக் கழுத்துப் பறவை) குஞ்சுக்கு இப்போது ஏழு வாரம். விற்றவர் ஆண் என்று சொன்னார். வெள்ளை இறகு முளைக்கிறது, ஆனால் முதுகில் சாம்பல் திட்டு இருக்கிறது. அலகு ஆரஞ்சு நிறம். பக்கத்து வீட்டுப் பெரியவர் இது அன்னம் என்கிறார், உங்கள் தம்பி பட்டைத்தலை வாத்து என்கிறார். மகள் பெயர் வைக்கக் காத்துக்கொண்டிருக்கிறாள்.

நான் பொழிச்சலூரில் ஒன்பது வருடமாகக் கூஸ் வளர்க்கிறேன். நீங்கள் போட்ட இரண்டு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். என் கணிப்பு, சைனீஸ் கூஸ் ரத்தம் ஓடுகிற கலப்பு. ஆணா பெட்டையா என்பதை இந்த வயதில் படத்தை வைத்து யார் சொன்னாலும் அது ஊகம்தான், விற்றவர் சொன்னதும் சேர்த்து. எதைப் பார்த்துச் சொல்லலாம், எப்போது சொல்லலாம் என்பது இனத்துக்கு இனம் மாறும். அதனால் இனத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

பட்டைத்தலை வாத்து இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். பெயரில் வாத்து என்றாலும் அதுவும் ஒரு காட்டுக் கூஸ்தான், குளிர்காலத்தில் மட்டும் நம் பக்கம் வரும். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் பார்த்திருப்பீர்கள். அது முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது மங்கோலியா, திபெத், லடாக் பக்கத்து உயரமான ஏரிக்கரைகளில். ஏழு வாரக் குஞ்சாக அது பல்லாவரம் சந்தைக்கு வர வழியே இல்லை. காட்டு வாத்தைப் பிடித்து வளர்ப்பது 1972ஆம் வருட வனவுயிர்ச் சட்டப்படி குற்றம் என்பதால் இதைத் தெளிவாகத் தெரிந்துகொள்வது உங்களுக்கும் நிம்மதி. அன்னமும் இல்லை. ஆனால் பெரியவர் அப்படிச் சொன்னதில் தப்பில்லை. நீளக் கழுத்தும் வெள்ளை உடம்புமாக வளர்ந்து நிற்கும்போது கோயில் தூணில் பார்த்த அன்னம்தான் யாருக்கும் ஞாபகம் வரும்.

வீட்டில் வளர்க்கிற கூஸ் எல்லாமே இரண்டு காட்டுப் பறவைகளிலிருந்து வந்தவை. ஐரோப்பாவின் கிரேலாக் கூஸ் ஒன்று, கிழக்காசியாவின் ஸ்வான் கூஸ் இன்னொன்று. எம்டன், துலூஸ் எல்லாம் முதல் வழி. சைனீஸ், ஆப்பிரிக்கன் இரண்டும் இரண்டாவது வழி. ஆப்பிரிக்கன் என்ற பெயரைப் பார்த்து ஆப்பிரிக்கா என்று நினைக்க வேண்டாம், அதற்கும் மூதாதை ஸ்வான் கூஸ்தான்.

இரண்டு வழியையும் பிரித்துச் சொல்வது நெற்றிதான். குஞ்சை மடியில் வைத்து, ஒரு கையால் மார்பைத் தாங்கிக்கொண்டு, மற்றக் கையின் கட்டைவிரலை உச்சந்தலையிலிருந்து அலகு வரை மெதுவாக இறக்குங்கள். கிரேலாக் வழிக் குஞ்சாக இருந்தால் விரல் எங்கும் தடுக்காமல் சறுக்கி இறங்கிவிடும். சைனீஸ் வழியாக இருந்தால் அலகு தொடங்கும் இடத்தில் ஒரு சின்ன மேடு தட்டும். ஏழு வாரத்தில் அது பாதிப் பட்டாணி அளவுதான் இருக்கும், கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் விரலுக்குத் தெரிந்துவிடும். உங்கள் இரண்டாவது படத்தில், பக்கவாட்டில் வெளிச்சம் விழுகிற இடத்தில், அந்த மேட்டின் நிழல் தெரிகிறது. அதை வைத்துத்தான் சைனீஸ் என்கிறேன்.

இன்னும் ஒன்றிரண்டு மாதத்தில் கழுத்தையும் பாருங்கள். ஐரோப்பிய வகைகளுக்குக் கழுத்து இறகு ஏர் ஓட்டிய நிலம் மாதிரி வரிவரியாகப் பள்ளம் விழுந்திருக்கும். சைனீஸுக்கு அது வழவழவென்று படிந்திருக்கும். தாடைக்குக் கீழே மாட்டின் அலைதாடி போலத் தோல் தொங்கினால் ஆப்பிரிக்கன் கலந்திருக்கிறது என்று அர்த்தம். சைனீஸில் பழுப்பு நிறத்துக்கு அலகும், அந்த மேடு வளர்ந்து வரும் நெற்றிப் புடைப்பும் கறுப்பு, பின்கழுத்தில் தலையிலிருந்து முதுகு வரை ஒரு காப்பிக்கொட்டை நிறக் கோடு ஓடும். வெள்ளை நிறத்துக்கு அலகும் புடைப்பும் ஆரஞ்சு.

உங்கள் குஞ்சின் முதுகில் இருக்கும் சாம்பல் திட்டு பழுப்பும் வெள்ளையும் கலந்ததால் வந்திருக்கலாம், எம்டன் போன்ற ஐரோப்பிய வெள்ளை கலந்ததாலும் வந்திருக்கலாம். அந்த வகைகளில் இளம் பறவைக்குச் சாம்பல் இறகு இருந்து, இறகு உதிர்ந்து மறுபடி முளைக்கும்போது வெள்ளையாகிவிடும். கலப்பு என்றதும் மனம் சுருங்க வேண்டாம். இந்தியாவில் இது நேற்று வந்த விஷயம் இல்லை. சைனீஸும் ஐரோப்பிய கூஸும் கலந்த மந்தைகளை இந்தியாவின் பல பகுதிகளில் வளர்க்கிறார்கள் என்று 1859இலேயே டார்வின் எழுதியிருக்கிறார். அவருக்கு அதைச் சொன்னவர்கள் இங்கே இருந்த பிளைத், ஹட்டன் என்ற இருவர். இங்கிலாந்தில் அந்தக் கலப்புகள் தங்களுக்குள் சேர்ந்து குஞ்சு பொரிப்பதே அபூர்வமாக இருந்தபோது, இங்கே மந்தை மந்தையாகப் பெருகியிருப்பது அவருக்கு ஆச்சரியம். அந்தப் பரம்பரையில் ஒன்று இப்போது உங்கள் வீட்டு வாசலில் கீரை கேட்டு நிற்கிறது என்றே நான் நினைத்துக்கொள்வேன்.

சரி, ஆணா பெட்டையா.

முதலில் செய்யக்கூடாததைச் சொல்லிவிடுகிறேன். குஞ்சைத் தலைகீழாகப் பிடித்து எச்சம் போகும் துவாரத்தை விரித்துப் பார்ப்பது என்று ஒரு முறை இருக்கிறது. முறை உண்மையானதுதான். கோழிச் சேவலுக்கு இல்லாத ஆண் உறுப்பு வாத்து, கூஸ் இனங்களுக்கு உண்டு என்பதால், பழகிய கை ஒரு நாள் குஞ்சிலேயே சொல்லிவிடும். பழகாத கை செய்தால் உள்ளே கிழியும். எங்களிடம் இரண்டாவது வருடம் வந்த குஞ்சை, தெரியும் என்று சொன்ன ஒருவரிடம் நான் கொடுத்தேன். கொல்லையில் நின்று அழுத்திப் பார்த்து "பெட்டை" என்றார். அன்று சாயங்காலம் எச்சத்தில் ரத்தம். இரண்டு நாள் அது தீவனத்தைத் தொடவில்லை. மூன்றாம் நாள் காலையில் என் உள்ளங்கையிலிருந்து ஒரு அருகம்புல்லை இழுத்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. பிழைத்துவிட்டது. அந்த இரண்டு நாளையும் நான் மறக்கவில்லை. நிச்சயமாகத் தெரிந்தே ஆகவேண்டும் என்றால் பறவை பார்க்கிற கால்நடை மருத்துவரிடம் போங்கள். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

அடுத்தது வாத்துக் கணக்கு. என் மாமனார் திருவள்ளூர் பக்கம் அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மேய்த்தவர். வாத்தைப் பார்த்த மாத்திரத்தில் சொல்வார். ஆணுக்கு வால் இறகு மேல்நோக்கிச் சுருண்டிருக்கும், பெட்டைதான் சத்தமாகக் கத்தும், ஆண் கம்மிய குரலில் பேசும். வாத்துக்கு இது அத்தனையும் சரி. அதே கண்ணால் எங்கள் முதல் இரண்டு கூஸையும் பார்த்துவிட்டு, "சுருள் இறகு இல்லம்மா, ரெண்டும் பெட்டை" என்றார். கூஸுக்கு அந்தச் சுருள் இறகே கிடையாது, ஆணுக்கும் இல்லை, பெட்டைக்கும் இல்லை. ஒன்றரை வருடம் முட்டைக்குக் காத்திருந்தோம். இரண்டும் ஆண். ஒன்றையொன்று ஒரு நிமிடம் பிரியாமல், சேர்ந்து கழுத்தை நீட்டிக் கத்திக்கொண்டு, பார்ப்பதற்கு அசல் ஜோடியாகவே இருந்தன. கூஸில் ஆணும் ஆணும் ஜோடி சேர்வது வழக்கமாகப் பார்க்கக்கூடியது. அதனால் "ஜோடியாகத் திரிகிறது, ஆகவே ஒன்று ஆண் ஒன்று பெண்" என்ற கணக்கும் செல்லாது.

கூஸில் குரல் வாத்துக்கு நேர் எதிர். ஆணின் குரல்தான் மெல்லிசு, கீச்சென்று உச்சத்தில் போகும். பெட்டையின் குரல் கனமாக, தகரத்தைத் தட்டியது போல அடியிலிருந்து வரும். இரண்டு மாதம் தாண்டிக் குஞ்சுக் குரல் உடைகிற வரை இதைப் பார்க்க முடியாது. உங்களுடையது இன்னும் பீப் பீப் என்றுதான் கூப்பிடும். குரல் உடையும்போது கைப்பேசியில் வாரம் ஒரு முறை பதிவு செய்து வையுங்கள். காதுக்குப் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரே ஒரு சத்தத்தை வைத்துச் சொல்வது கஷ்டம், நாலைந்தை அடுத்தடுத்துக் கேட்டால் எந்தப் பக்கம் போகிறது என்று புரியும்.

சைனீஸ் கலப்பாக இருப்பதால் உங்களுக்கு இன்னொரு வசதி, அந்தப் புடைப்பு. ஆணுக்கு அது சீக்கிரம் எழும்பும், பெரிதாகவும் நெற்றியிலிருந்து தூக்கலாகவும் வளரும். பெட்டைக்குத் தாமதமாக, சின்னதாக வரும். ஒரே ஈட்டில் பொரிந்த நாலு குஞ்சுகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் எட்டு வாரத்திலேயே ஓரளவு பிரித்துவிடலாம். உங்களிடம் இருப்பது ஒன்றே ஒன்று, ஒப்பிட ஆள் இல்லை. கலப்பு வேறு, எவ்வளவு சைனீஸ் என்று தெரியாது. அதனால் ஐந்தாறு மாதம் ஆகட்டும். அப்போது உடம்பும் பேசும். ஆண் உயரமாக, கழுத்து தடித்து, நெஞ்சை நிமிர்த்தி நிற்கும். பெட்டைக்கு வயிறு தாழ்ந்து, கால்களுக்கு நடுவே தோல் மடிப்பு தரையைத் தொடுவது போல் இறங்கும்.

பருமனை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். வெறும் சோறும் பிரெட்டும் தின்று வளர்ந்த ஆண் பெட்டை மாதிரி சின்னதாக நிற்கும். இதைச் சொல்லக் காரணம், உங்கள் படத்தில் தட்டில் பிரெட் இருந்தது. தயவுசெய்து நிறுத்துங்கள். இறகு முளைக்கும் வயதில் மாவுச்சத்து அதிகமானால் சிறகு மூட்டு வெளிப்பக்கம் திரும்பிவிடக்கூடும், வளர்ந்த பிறகு அதைச் சரிசெய்ய முடியாது. கூஸ் அடிப்படையில் புல் மேயும் பிராணி. அருகம்புல், கீரை வேண்டிய மட்டும், கூடவே கொஞ்சம் கோழிக் குஞ்சுத் தீவனம். நியாசின் என்ற பி வைட்டமின் கோழிக் குஞ்சைவிட இதற்கு அதிகம் வேண்டும், குறைந்தால் கால் வளையும். மருத்துவரிடம் போகும்போது இதையும் கேட்டுவிடுங்கள்.

நடத்தையை வைத்துச் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூட்டமாக இருக்கும்போது சொல்லலாம். எங்கள் வீட்டுக்கு மேலே மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானங்கள் தாழப் போகும். ஒவ்வொன்றுக்கும் எங்கள் ஆண், தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணை வானத்துக்குக் கொடுத்து, அது மறைகிற வரை அசையாமல் நிற்பான். பருந்துக்கும் அப்படியே. பெட்டைகள் பாட்டுக்கு மேயும். சிலிண்டர் போட வருகிறவர் கேட்டைத் திறந்தால் கழுத்தைத் தரையோடு நீட்டிச் சீறிக்கொண்டு அவன்தான் முன்னால் வந்து நிற்பான், மற்றவை அவன் முதுகுக்குப் பின்னால். ஆனால் தனியாக மனிதர் கையில் வளர்ந்த குஞ்சுக்கு இந்த அளவுகோல் உதவாது. முதலில் கண்ட முகத்தைத் தாயாக எடுத்துக்கொள்வதைக் கிரேலாக் குஞ்சுகளிடம் ஆராய்ந்தவர் கொன்ராட் லோரன்ஸ், 1973இல் நோபல் பரிசு பெற்றார். உங்கள் குஞ்சுக்கு இப்போது அந்தத் தாயின் இடத்தில் உங்கள் மகள். அவளைக் காப்பதற்காகப் பெட்டையாக இருந்தாலும் ஆண் போலச் சீறும். முடிந்தால் அதே வயதில் இன்னொன்று வாங்கி விடுங்கள். மகள் பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரமெல்லாம் அது கத்துவது நின்றுவிடும். இதை நான் மனப்பூர்வமாகச் சொல்கிறேன், கூஸ் தனியாக இருக்கப் பிறந்தது இல்லை.

காத்திருக்க முடியாது என்றால் டிஎன்ஏ பரிசோதனை இருக்கிறது. கிளி வளர்ப்பவர்கள் செய்வதுதான். மார்பிலிருந்து நாலைந்து இறகை வேரோடு பிடுங்கி உறையில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். கீழே உதிர்ந்து கிடக்கிற இறகு வேண்டாம், அடித்தண்டில் ஒட்டியிருக்கும் செல்தான் தேவை. பாலினத்தைத் தீர்மானிக்கும் குரோமோசோம் பறவைகளில் பெண்ணுக்குத்தான் இரண்டும் வேறுவேறு, ஆணுக்கு இரண்டும் ஒன்று, நமக்கு நேர்மாறு. அந்த வித்தியாசத்தைத்தான் அங்கே பார்க்கிறார்கள்.

முட்டை வந்துவிட்டால் எந்தப் பரிசோதனையும் வேண்டாம், ஆனால் அதற்குப் பெரும்பாலும் ஒரு வயது நெருங்க வேண்டும். ஆண் என்று நாங்கள் எல்லோரும் நம்பிய ஒன்று, ஒரு தை மாதக் காலையில் துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் வைக்கோலைக் கூட்டி வைத்துக்கொண்டு நகர மறுத்தது. கையை உள்ளே விட்டேன். சூடாக, உள்ளங்கை நிறைய ஒரு முட்டை. சமையலறைத் தராசில் 130 கிராம் காட்டியது. நல்லவேளையாக அதற்கு மணி என்று பெயர் வைத்திருந்தோம், மாற்ற வேண்டியிருக்கவில்லை. உங்கள் மகளிடமும் இரண்டுக்கும் பொருந்துகிற பெயராக யோசிக்கச் சொல்லுங்கள்.

குரல் உடைந்த பிறகு, தலை பக்கவாட்டில் தெரிகிற மாதிரி, காலை வெயிலில் ஒரு படம் எடுத்து, குரல் பதிவோடு இதே கேள்விக்குக் கீழே போடுங்கள். மறுபடி பார்த்துச் சொல்கிறேன்.